ஆயுத பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

விஜயதசமியன்று தொடங்கிய காரியம் பாதியில் நிற்காது என்பது விஜயராணியின் கட்சி. புத்தூரில் மாடியில் ஒரு ஹாலும் ஓர் அறையுமாக இருக்கும் தன் சாப்ட்வேர் ஆபீஸையே அவர் ஒரு விஜயதசமியில்தான் திறந்தார். நடுவில் அது எத்தனை தடவை நின்றது, எத்தனை தடவை தள்ளிவிட்டு ஓடியது என்று கேட்டால் அந்தப் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த வருட விஜயதசமிக்கு அவர் குறித்திருந்தது வாழை விவசாயிகளின் வெப்சைட். ஜீயபுரம் பக்கத்து வாழைக்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கன்று நட்ட தேதியை விவசாயி தன் போனில் போட்டால் போதும், தார் எப்போது வெட்டுக்கு வரும் என்று வெப்சைட் கணக்குப் போட்டு வியாபாரிகளுக்குக் காட்டும். பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். சங்கத்தின் சார்பில் அம்மாசி என்ற விவசாயி தாம்பூலத் தட்டோடு ஒன்பது மணிக்கே வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார். முதல் பதிவு அவருடையது.

அறைக்குள் அனுசுயா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆபீஸில் இத்தனை நாள் சமர்த்தாக ஓடிய வெப்சைட், புது சர்வரில் ஏற்றியதும் கண்ணைத் திறக்க மாட்டேன் என்றது.

அவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எந்த வெப்சைட்டும் தனியாக ஓடுவதில்லை. பிறர் எழுதி வைத்த லைப்ரரிகள் பத்துப் பதினைந்தின் தோளில் ஏறித்தான் ஓடும். சர்வர் என்பது வெறும் வீடு. இன்னின்ன லைப்ரரி வேண்டும் என்று ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், அது இணையத்தில் போய் ஒவ்வொன்றாக எடுத்து வந்து வைத்துக்கொள்ளும். லிஸ்டில் இல்லாததை அது தேடாது. கல்யாணச் சமையலுக்கு வந்தவர் சீட்டில் பெருங்காயம் இல்லையென்றால் பெருங்காயம் போடாமலேதான் ரசம் வைப்பார்.

முதலில் டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி இல்லை என்றது. லிஸ்டில் சேர்த்தாள். அடுத்து போட்டோவைச் சின்னதாக்கும் லைப்ரரி இல்லை என்றது. அதையும் சேர்த்தாள். மூன்றாவதாக, எஸ்எம்எஸ் அனுப்புவது. ஒவ்வொரு தடவையும் சர்வர் ஒரே ஒரு குறையைத்தான் சொல்லும். அதைத் தீர்த்தால்தான் அடுத்த குறையைச் சொல்லும். மாமியார்கள்கூட மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள்.

ஒன்பதரைக்கு நாலாவது எரர் வந்தது. ‘நாள்’ என்ற லைப்ரரி இல்லை.

அனுசுயாவுக்குக் கை அப்படியே நின்றது. அதை இணையத்தில் தேடிப் பிரயோஜனம் இல்லை. அது முன்பு இங்கே வேலை பார்த்த இளவரசன் எழுதியது.

விவசாயிகள் எவரும் நவம்பர் இருபத்து மூன்றில் கன்று நடுவதில்லை, கார்த்திகை எட்டில்தான் நடுகிறார்கள். அந்தத் தமிழ் தேதியை இங்கிலீஷ் தேதியாக மாற்றுவதற்காக, சங்கம் முதன்முதலில் வந்து கேட்ட அந்தக் காலத்திலேயே இளவரசன் இரண்டு நாள் பஞ்சாங்கமும் கையுமாக உட்கார்ந்து எழுதியதுதான் ‘நாள்’. எழுதியவன் அதைத் தன் கம்ப்யூட்டரில் நேராகப் போட்டுக்கொண்டான். அந்தக் கம்ப்யூட்டர்தான் ஆபீஸ் முழுவதற்கும் சர்வராக இருந்ததால் எல்லாருக்கும் ஓடியது. லிஸ்டில் எழுதுவதற்கு யாருக்கும் தோன்றவில்லை.

சரி, அந்தக் கம்ப்யூட்டர் எங்கே? அதோ ஜன்னலோரம், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. இரண்டு நாளைக்கு முன் அனுசுயாவே அதை முழுதாக அழித்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு ஆபீஸைச் சுத்தம் செய்யும்போது ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்த விஜயராணி, “அனுசுயா, அந்தப் பழைய கம்ப்யூட்டரை நல்லாத் தொடச்சு வெச்சிடும்மா” என்றார். அவர் சொன்னது ஈரத்துணியால் துடைப்பதைத்தான். அது அனுசுயாவுக்கும் தெரியும். துணியால் துடைத்து முடித்த பிறகு அவள் அதை ஆன் செய்தாள். இரண்டு வருடமாக நடப்பதுபோலவே அன்றும் திரையில் ‘இளவரசன்’ என்ற பெயர் வந்து பாஸ்வேர்டு கேட்டது. வேலையை விட்டுப் போனவன் பெயரைத் தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. போதும் என்று இருந்தது. வெப்சைட்டின் காப்பியை வேறு இடத்தில் எடுத்து வைத்தாயிற்று, இனி அந்த மெஷின் எதற்கு? வீட்டில் குப்பை கழிக்கிற நாளில் மனதிலும் கழித்துவிடலாம் என்று நினைத்தாள் போல. ‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ என்று அது இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் ஆமாம் என்றாள். அன்று சாயந்திரம், தான் தங்கியிருக்கும் மன்னார்புரத்துக்கு பஸ் ஏறும்போது மனசு லேசாக இருந்த மாதிரிகூட இருந்தது.

மறுநாள் பூஜை. பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது. அதனால் புது சர்வரில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்பதற்கும் வழியில்லாமல் போயிற்று.

“பாப்பா, ஆயிருச்சா?” என்று ஹாலிலிருந்து அம்மாசி எட்டிப் பார்த்தார்.

“இதோ ஆயிடுங்க. பத்தே நிமிஷம்.”

பத்து நிமிஷத்தில் அதை எழுதிவிட முடியாது. பத்து நாளிலும் அவளால் முடியாது. பஞ்சாங்கத்தில் எந்த மாதத்துக்கு இருபத்தொன்பது, எதற்கு முப்பத்திரண்டு என்பதெல்லாம் அவனுக்குத்தான் மனப்பாடம். போனை எடுத்தாள். ‘இளவரசன் ஆபீஸ்’ என்று அந்த எண் இன்னும் இருந்தது. அதை மட்டும் அழிக்க மனசு வரவில்லை.

ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு முன் கீழே டீக்கடையில் நின்றுகொண்டு இளவரசன் ஒரே ஒரு தடவை கேட்டான். “எங்கம்மா உன்னப் பாக்கணும்னு சொல்றாங்க அனு. ஒருநாள் ஸ்ரீரங்கத்துக்கு வரியா?” கேட்டது என்னவென்று இருவருக்கும் தெரியும். அனுசுயா, “எங்கப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள். சொன்னதோடு சரி. அவள் அப்பாவுக்கு முசிறியில் உரக்கடை. அவர் கணக்கில் முதலில் சாதி, அப்புறம் ஜாதகம், அதற்கும் அப்புறம்தான் பையன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த வாரம் கேட்டுவிட வேண்டும் என்று முசிறிக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சலோடு திரும்பி வருவாள். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. இளவரசன் மறுபடி கேட்கவில்லை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஸ்ரீரங்கம் என்ன சீமையா? ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் பாலத்தைத் தாண்டி இறங்க வேண்டியதுதான். அந்தப் பாலத்தை அவள் இரண்டு வருடமாகத் தாண்டவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஊரிலிருந்து அம்மா வந்து கூப்பிட்டபோதுகூடக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பார்கள். அவளுக்கு நிழலில் நின்றபோதே தெரிந்திருந்தது. வாய்தான் வரவில்லை.

கூப்பிட்டாள். நாலாவது ரிங்கில் இளவரசன் எடுத்தான்.

“சொல்லுங்க அனுசுயா.”

சொல்லு அனு என்று கேட்டுப் பழகிய காது. அந்த ‘ங்க’ சுருக்கென்றது. சமாளித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். வாழை வெப்சைட், புது சர்வர், ‘நாள்’ இல்லை.

“ஜன்னலோர மெஷின்ல இருக்கணுமே?”

“அழிச்சிட்டேன்.”

“எப்போ?”

“ஆயுத பூஜைக்கு. ஆபீஸ் சுத்தம் பண்ணும்போது.”

“பரவால்லங்க. எங்கிட்ட ஒரு காப்பி இருக்கு, அனுப்பறேன்” என்றான். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. “நாமதான் அதை லிஸ்ட்ல எழுதவே இல்லையே” என்றான்.

“நீங்க எழுதல.”

“ஆமா, நான்தான் எழுதல” என்று ஒப்புக்கொண்டான். “எங்க போயிடப் போறோம், கேட்டா கொடுத்துக்கலாம்னு நெனச்சேன்.”

ஃபைல் வந்து சேர்ந்தது. நன்றி என்றாள். வெச்சிடறேன் என்றான். மூன்றரை நிமிஷம் பேசியிருந்தார்கள். இரண்டு வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட அந்த மூன்றரை நிமிஷத்தில் வரவில்லை.

‘நாள்’ ஏறியதும் சர்வர் அடுத்த குறையை எடுத்து நீட்டியது. ‘நாள்’ ஓடுவதற்கு இன்னொரு லைப்ரரியின் பழைய பதிப்பு வேண்டும், இங்கே இருப்பது புதுசு என்றது. இதற்கு விடை அனுசுயாவுக்குத் தெரியும். லிஸ்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பழைய பதிப்பின் எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதான். காலேஜில் படிக்கும் பிள்ளைகூடச் செய்துவிடும். அவள் திரையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். ஆசை வெட்கம் அறியாது என்பது பொய்யில்லை. முகம் சூடாகிவிட்டது, ஆனால் விரல் அவன் பெயரைத் தொட்டுவிட்டது.

“மறுபடியும் ஒரு எரர்ங்க” என்றாள்.

அவன் பொறுமையாகக் கேட்டான். எண்ணைச் சொன்னான். “மொத்த லிஸ்ட்டையும் ஒருவாட்டி எனக்கு அனுப்புங்க, பாத்துடறேன்” என்றான். அனுப்பினாள். அவன் ஒவ்வொரு வரியாக வாய்க்குள் படித்துக்கொண்டு போனான். படிக்கும்போது உதட்டுக்குள் முணுமுணுக்கும் பழக்கம் போகவில்லை. அனுசுயா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த லிஸ்ட் இன்னும் நூறு வரி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாள்.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் வந்தது. வயதான குரல். “தம்பி, ஐப்பசி ஒம்பதுக்கு வண்டி சொல்லிட்டியா? அப்புறம் நேரத்துக்குக் கெடைக்காதுப்பா.”

“சொல்றேம்மா, போன்ல இருக்கேன்.”

“எங்கயாச்சும் போறீங்களா?” என்று கேட்டுவிட்டாள் அனுசுயா. கேட்டிருக்க வேண்டாம்.

“பொண்ணு பாக்க. அங்கதான், புத்தூர்லயே. உங்க ஆபீஸ்லேருந்து ரெண்டு தெரு தள்ளி.” கொஞ்சம் நிறுத்தி, “அம்மா ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க. பாத்துட்டு வருவோம்னு இருக்கேன், இன்னும் ஒண்ணும் முடிவாகல” என்றான். “லிஸ்ட் சரியா இருக்குங்க. பதினேழு வரி. இப்ப ஏத்துங்க, ஓடும்.”

ஓடியது. பத்தேகாலுக்கு வெப்சைட் பச்சை நிறத்தில் எழுந்து நின்றது. கன்று நட்ட தேதி என்று ஒரு கட்டம். சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு தேதி போட வேண்டும். அவள் கை தானாக ஐப்பசி ஒன்பது என்று போட்டது. அக்டோபர் இருபத்தாறு, ஞாயிறு என்று கண் இமைக்கும் நேரத்தில் சொன்னது வெப்சைட். அவன் எழுதியது ஒருநாளும் பிசகாது.

பொண்ணு பார்க்கப் போனால் நம் ஊரில் பஜ்ஜி சொஜ்ஜியோடு முடிகிறதா? பையனின் அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். இன்னும் நான்கு வாரம்கூட முழுதாக இல்லை. அதற்குள் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட ஒரு எரர் வேண்டும். வெப்சைட்டில் இப்போது ஒரு எரரும் இல்லை.

அப்போதுதான் அனுசுயா அந்த வேலையைச் செய்தாள். ஹாலில் ஒரு மனுஷர் தாம்பூலத்தோடு காத்திருக்கிறார், இன்னும் அரை மணியில் நல்ல நேரம் பிறக்கிறது. ஏழு வருடமாக இந்தத் தொழிலில் சோறு தின்கிறவள், ஓடிக்கொண்டிருந்த வெப்சைட்டின் லிஸ்டைத் திறந்தாள். பதினோராவது வரியை அழித்தாள். மறுபடி ஏற்றினாள். பச்சை போய் எரர் வந்தது. அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

“எஸ்எம்எஸ் லைப்ரரி இல்லைன்னு வருதுங்க. என்னன்னே தெரியல.”

அவன் படத்தைத் திறந்து பார்க்கும் நேரம் கழிந்தது. அதற்கு மேலும் கழிந்தது.

“அனுசுயா” என்றான். “இப்பத்தான் நான் லிஸ்ட்டை வரி வரியாப் படிச்சேன். பதினோராவது வரில அது இருந்துச்சு.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“தானா போகாது. யாராச்சும் எடுத்திருக்கணும்.”

“நான்தான் எடுத்தேன். எரர் இல்லன்னா எப்படி உங்களைக் கூப்பிடறது?”

கதவைத் தள்ளிக்கொண்டு விஜயராணி வந்தார். “என்ன அனுசுயா, போன்லயே இருக்கே? மணி பத்தரை. அவரு மூணாவது காபி குடிச்சிட்டாரு. சைட் வந்துருச்சா இல்லையா?”

“வந்துடுச்சு மேடம். ஒரே ஒரு லைன்.”

போனைக் கட் செய்யத் தோன்றாமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அவசரத்தில் அந்த ஒரு வரியை இரண்டு தடவை தப்பாக அடித்து மூன்றாவது தடவை சரியாக அடித்தாள். ஏற்றினாள். பச்சை வந்தது. விஜயராணி கற்பூரம் காட்டினார். பத்தே முக்காலுக்கு ஒரு நிமிஷம் தப்பாமல் அம்மாசியின் போனில் வெப்சைட் திறந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கார்த்திகை எட்டு என்று போட்டார். ரகம் பூவன், கன்று ஆயிரத்து இருநூறு.

“அட, வெட்டு நாளெல்லாம் சொல்லுதே!” என்று அவருக்கு வாயெல்லாம் பல். “பாப்பா, இதச் செஞ்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும்.”

“அந்தத் தேதிய மாத்தறதை நான் செய்யலங்க” என்றாள் அனுசுயா. “இளவரசன்னு ஒருத்தர் செஞ்சது. முன்னாடி இங்க வேலை பாத்தாரு.”

இரண்டு வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. விஜயராணி அவளை ஒரு பார்வை பார்த்தார். பொரிகடலையை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தார்.

அறைக்குத் திரும்பி வந்து போனைத் திருப்பினாள். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு நிமிஷம். அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். படியில் யாரும் இல்லை. கீழே சாலையில் லீவு நாளுக்கான கூட்டம் மட்டும் இருந்தது.

“கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“ஆமா. நல்லா நடந்துச்சு போல. என் பேரையும் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அதை அங்க சொல்லியிருக்க வேணாம் அனு” என்றான். “சொல்ல வேண்டிய எடத்துல சொல்லியிருக்கணும். எட்டு மாசம் காத்திருந்தேன். திங்கக்கிழமை காலைல நீ முசிறி போயிட்டு ஆபீஸுக்கு வரும்போதெல்லாம் உன் மொகத்தத்தான் பாப்பேன். நீ பைய வெச்சிட்டு வேலையப் பாக்க ஆரம்பிச்சிடுவ. அப்பாகிட்ட கேட்டியா இல்லையான்னுகூட எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது.”

“கேக்கல.”

“ஒரு தடவகூடவா?”

“ஒரு தடவகூட. பயம்.” அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. “நீங்க போனதுக்கு அப்புறமும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க மெஷினை அழிச்சது சுத்தம் பண்றதுக்காக இல்ல. காலைல அந்தப் பேரைப் பாக்க முடியல. அழிச்சா சரியாயிடும்னு நெனச்சேன். ஒண்ணும் சரியாகல. ரெண்டு நாளா காலைல வந்து அந்தத் தெரையப் பாக்கறேன், பேரு இல்ல. அது அதவிட மோசமா இருக்கு.”

போன் வழியாக அவன் அம்மா யாரிடமோ பூக்காரியா என்று கேட்பது காதில் விழுந்தது. வாசல் கதவு திறந்து மூடும் சத்தமும் வந்தது.

“ஐப்பசி ஒம்பதாம் தேதி போகாதீங்க” என்றாள் அனுசுயா.

“இப்ப மட்டும் உங்கப்பாகிட்ட கேட்டுடுவியா?”

“கேக்கப் போறதில்ல. சொல்லப் போறேன். நாளைக்கு முசிறிக்குப் போறேன். அவரு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். கத்துவாரு. அம்மா சாப்பிடாம படுத்துக்குவாங்க. எல்லாம் தெரியும். அப்படியும் சொல்லிட்டுத்தான் வருவேன்.”

“அனு, இங்க எல்லாம் பேசியாச்சு. பொண்ணு வீட்டுக்கும் சொல்லியாச்சு. எங்கம்மாவுக்கும் வயசாயிடுச்சு, இதுக்கு மேல தள்ளிப்போட அவங்க ஒத்துக்க மாட்டாங்க. வரலன்னு நான் என்ன காரணத்தச் சொல்றது அவங்ககிட்ட?”

“என்னைச் சொல்லுங்க” என்றாள் அனுசுயா.